‘ரெட்டர்’ என்றால் யார்? ‘ஆரேட்டர்’ இருக்கும்போது ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் எதற்கு?

மேடையில் நன்றாகப் பேசுபவரை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வோம்? ஸ்பீக்கர். கொஞ்சம் மரியாதை சேர்த்தால் ஆரேட்டர். இரண்டும் பள்ளிக்கூடத்திலேயே பழகிவிடும் சொற்கள்தான்.

ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்து, முதலாண்டு ‘ரைட்டிங்’ வகுப்பில் போய் உட்காரும் நம்மூர் மாணவருக்கு, பாடப்புத்தகத்தில் இன்னொரு சொல் எதிர்ப்படலாம். அதுதான் ரெட்டர். பார்த்தவுடன், ‘ரைட்டர் என்பதைத் தப்பாக அச்சடித்துவிட்டார்களோ?’ என்றுதான் தோன்றும். அடுத்த பக்கத்திலும் அதே சொல். பரீட்சைக் கேள்வியிலும் அதே சொல். ‘இந்தக் கட்டுரையில் ரெட்டரின் நோக்கம் என்ன?’

அகராதியைத் திறந்தால் குழப்பம் கூடுகிறது. பழைய கிரேக்க, ரோமானிய காலத்துப் பேச்சுக்கலை ஆசிரியர் என்று ஒரு பொருள். சொற்பொழிவாளர் என்று இன்னொரு பொருள். வெறும் வாய்ப்பேச்சுக்காரர் என்ற கேலி வேறு. ஆசிரியரா, தலைவரா, வாய்ச்சொல் வீரரா? ஒரே சொல்லுக்கு எப்படி இத்தனை முகம்? அதைப் புரிந்துகொள்ள 2,400 வருடங்கள் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

முதலில் உச்சரிப்பு

ஆங்கிலத்தில் ஆர், எச், இ, டி, ஓ, ஆர் என்று 6 எழுத்துகள். ‘ரீட்டர்’ என்று நீட்டியும் சொல்வார்கள், ‘ரெட்டர்’ என்று குறுக்கியும் சொல்வார்கள். இரண்டுமே சரி. செய்தி நிறுவனமான ராய்ட்டர்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அது அதைத் தொடங்கியவரின் பெயர்.

நடுவில் ஏன் அந்த ஒலிக்காத எச்? கிரேக்கத்திலிருந்து வந்த சொற்களின் அடையாளம் அது. ரிதம், ராப்சடி, ரைனோசரஸ் எல்லாவற்றிலும் ‘ஆர்’ பக்கத்தில் அந்த எச் நிற்கும். 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாசர், தன் கேன்டர்பரி கதைகளில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் எச்-ஐ ‘ஆர்’ பக்கத்தில் வைக்காமல் ‘டி’ பக்கத்தில் வைத்து எழுதினார்கள் அப்போது. ஆகவே ஸ்பெல்லிங்கில் தடுமாறுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம், துணைக்குப் பெரிய ஆள் இருக்கிறார்.

‘பேசு’ என்ற பொருள் கொண்ட வேரிலிருந்து கிளைத்தது இந்தச் சொல். ஆங்கிலத்தின் ‘வேர்ட்’, ‘வெர்ப்’ ஆகியவையும் அதே ஆதி வேரிலிருந்து வந்தவை என்பது மொழியியலாளர்கள் கருத்து. அதாவது ரெட்டர் என்றால் நேர்ப் பொருளில் ‘சொல்கிறவர்’. அவ்வளவுதான். அழகாகச் சொல்கிறவர் என்றோ, ஆவேசமாகச் சொல்கிறவர் என்றோ அந்தச் சொல்லுக்குள் எதுவும் இல்லை. அதெல்லாம் பிறகு ஏறியது.

ஏதென்ஸில் ரெட்டர் யார்?

கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸுக்குப் போவோம். அங்கே இன்று நாம் சொல்லும் அரசியல் கட்சி கிடையாது. எம்.எல்.ஏ., எம்.பி. கிடையாது. பிநிக்ஸ் என்ற குன்றில் குடிமக்களே கூடி, கைதூக்கி முடிவெடுப்பார்கள். குடிமக்கள் என்றால் வயது வந்த ஆண் குடிமக்கள் மட்டும். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இடமில்லை.

கூட்டம் தொடங்கியதும் ஒருவர், ‘யார் பேச விரும்புகிறீர்கள்?’ என்று உரக்கக் கேட்பார். எழுந்து போய்ப் பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம். சட்டப்படி எந்தக் குடிமகனும் பேசலாம். ஆனால் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் தைரியமாக எழுந்து நிற்பவர்கள் எத்தனை பேர்? திரும்பத் திரும்ப ஒரு சிலர்தான் பேசினார்கள். அவர்களுக்குத்தான் ரெட்டர் என்று பெயர். ‘அரசியல்வாதி’ என்று நாம் இன்று சொல்லும் இடத்தில் ஏதென்ஸ்காரர்கள் ‘ரெட்டர்களும் தளபதிகளும்’ என்று சேர்த்துச் சொல்வது வழக்கம்.

இதற்கு எதிர்ச்சொல்லாக அவர்கள் என்ன வைத்திருந்தார்கள் தெரியுமா? ‘இடியோட்டெஸ்’. பொதுவிஷயத்தில் தலையிடாமல் தன் வேலையைப் பார்க்கும் தனிமனிதர் என்று அர்த்தம். அந்தச் சொல்தான் லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘இடியட்’ ஆனது.

சரி, ரெட்டர் என்பது பெருமையான பட்டமா? இங்கேதான் விஷயம் இருக்கிறது. அது ஒரு பொறுப்பு. சட்டம் அந்தப் பெயரைச் சொல்லியே அவர்களைக் கட்டிப்போட்டது.

ஒருவர் கொண்டுவந்த தீர்மானம் ஏற்கெனவே உள்ள சட்டத்துக்கு முரணானது என்று யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். மக்கள் கைதூக்கி நிறைவேற்றிய தீர்மானமாகவே இருந்தாலும், ஒரு வருடத்துக்குள் வழக்கு வந்தால் தண்டனை அதைக் கொண்டுவந்தவருக்கு. ‘மக்கள்தானே ஓட்டுப் போட்டார்கள்’ என்று தப்பிக்க முடியாது. நீ சொன்னதால்தானே போட்டார்கள் என்பது சட்டத்தின் வாதம். இப்படி 3 முறை தோற்றால் தீர்மானம் கொண்டுவரும் உரிமையே போய்விடும். அரிஸ்டோஃபான் என்ற ரெட்டர், தன்மேல் இந்த வகையில் 75 வழக்குகள் போடப்பட்டு அத்தனையிலும் விடுதலையானதாகப் பெருமை பேசுவாராம். சொல்பவர் அவரது சமகாலத்து ரெட்டர் ஈஸ்கினீஸ். 75 என்பதில் கொஞ்சம் உப்புக் காரம் கூடுதலாக இருக்கலாம்தான்.

பணம் வாங்கிக்கொண்டு மக்களுக்கு நல்லதல்லாத ஆலோசனையைச் சொன்ன ரெட்டர்மீது தனியாக ஒரு குற்றச்சாட்டுப் பிரிவு இருந்தது. சாதாரணக் குடிமகன் முட்டாள்தனமாகப் பேசினால் அந்தப் பிரிவு பாயாது. ரெட்டருக்கு மட்டும்.

பேசும் தகுதிக்கே ஒரு சோதனையும் உண்டு. தாய் தந்தையை அடித்தவர், அவர்களுக்குச் சோறு போடாதவர், போருக்குப் போகாமல் நழுவியவர், போர்க்களத்தில் கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடியவர், காசுக்கு உடலை விற்றவர், அப்பன் சொத்தைத் தின்றே அழித்தவர் ஆகியோர் மேடையேறக் கூடாது. மீறி ஏறினால் வழக்கு. வீட்டையே காப்பாற்றத் தெரியாதவன் நாட்டுக்கு என்ன யோசனை சொல்வான் என்பது அதன் பின்னாலிருந்த எண்ணம்.

இரண்டு பேர், இரண்டு வழக்குகள்

இது ஏட்டுச் சட்டமாக மட்டும் இருக்கவில்லை. அந்தக் காலத்தின் மிகப் பெரிய பேச்சாளர்களான டெமாஸ்தனீஸும் ஈஸ்கினீஸும் இதே ஆயுதங்களால்தான் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள்.

மாசிடோனிய மன்னர் பிலிப்போடு ஏதென்ஸ் செய்துகொண்ட சமாதானத்தில் ஈஸ்கினீஸ் லஞ்சம் வாங்கினார் என்று டெமாஸ்தனீஸ் தரப்பு வழக்குக்குத் தயாரானது. கூடச் சேர்ந்தவர் டிமார்க்கஸ் என்ற ரெட்டர். ஈஸ்கினீஸ் முந்திக்கொண்டார். ‘இந்த டிமார்க்கஸுக்கு மேடையில் பேசவே தகுதி இல்லை, இளமையில் காசுக்கு உடலை விற்றவர், தகப்பன் சொத்தை அழித்தவர்’ என்று கி.மு. 346-345 வாக்கில் வழக்குப் போட்டு ஜெயித்தார். டிமார்க்கஸின் அரசியல் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. லஞ்சக் குற்றச்சாட்டு உண்மையா என்ற கேள்வி அன்றைக்கு அப்படியே ஒதுங்கிப்போனது. குற்றம் சொல்பவரின் சொந்த வாழ்க்கையைக் கிளறிக் குற்றச்சாட்டை அமுக்கும் உத்தி புதுசு ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

அடுத்த சுற்று கி.மு. 330இல். டெமாஸ்தனீஸின் சேவைக்காக அவருக்குத் தங்கக் கிரீடம் சூட்ட வேண்டும் என்று டெசிஃபோன் என்பவர் முன்பே தீர்மானம் கொண்டுவந்திருந்தார். அது சட்டவிரோதம் என்று ஈஸ்கினீஸ் போட்ட வழக்கு பல வருடம் கழித்து விசாரணைக்கு வந்தது. பெயருக்கு டெசிஃபோன்மீது வழக்கு. உண்மையில் கூண்டில் நின்றது டெமாஸ்தனீஸின் முழு அரசியலும்தான். அவர் சொன்னதைக் கேட்டுத்தான் ஏதென்ஸ் மாசிடோனியாவை எதிர்த்துப் போரிட்டது. கி.மு. 338இல் கைரோனியாவில் தோற்றது. தோற்றுப்போன யோசனையைச் சொன்னவருக்குக் கிரீடமா என்பது கேள்வி.

டெமாஸ்தனீஸின் பதில் உரை இன்றும் பேச்சுக்கலை வகுப்புகளில் படிக்கப்படுகிறது. அதன் சாரம் எளிது. முடிவு தெய்வத்தின் கையில். யோசனை சொல்கிறவனிடம் கேட்க வேண்டியது, உரிய நேரத்தில் உண்மையைச் சொன்னானா, காசுக்கு விலைபோகாமல் சொன்னானா என்பதுதான். விளைவு தெரிந்த பிறகு வந்து குற்றம் சொல்வது யாராலும் முடியும். அன்றைக்கே எழுந்து மாற்று யோசனை சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று ஈஸ்கினீஸைத் திருப்பிக் கேட்டார்.

ஈஸ்கினீஸுக்கு ஐந்தில் ஒரு பங்கு ஓட்டுக்கூட விழவில்லை. அப்படித் தோற்கும் வழக்காளிக்கு 1,000 டிராக்மா அபராதம். ஒரு தொழிலாளியின் நாள் கூலி ஒன்றிரண்டு டிராக்மாவாக இருந்த காலம் அது. அவர் ஊரை விட்டே போனார். ரோட்ஸ் தீவில் பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்துப் பிழைத்ததாகச் சொல்வது மரபு.

ஜெயித்த டெமாஸ்தனீஸும் நிம்மதியாகச் சாகவில்லை. அலெக்சாண்டரின் பொருளாளராக இருந்து பணத்தோடு ஓடிவந்த ஹர்ப்பாலஸிடம் கை நீட்டினார் என்று சில வருடங்களில் அவரே தண்டிக்கப்பட்டார். அபராதம் 50 தாலந்து. கட்ட முடியாமல் சிறைக்குப் போய், அங்கிருந்து தப்பினார். அலெக்சாண்டர் இறந்த பிறகு ஊர் திரும்பியவரை, கி.மு. 322இல் மாசிடோனிய ஆட்கள் துரத்தியபோது விஷம் குடித்து இறந்தார்.

ஆகவே ஏதென்ஸ் வரலாறு பற்றிய ஆங்கிலப் புத்தகத்தில் ரெட்டர் என்று வந்தால், அதை ‘சொற்பொழிவாளர்’ என்று படித்துவிட்டுப் போகக் கூடாது. மேடைப் பேச்சைத் தொழிலாகவும், அதற்கான தண்டனையை ரிஸ்க்காகவும் எடுத்துக்கொண்ட அரசியல்வாதி என்று படிக்க வேண்டும்.

அப்படியானால் கெட்ட பெயர் எப்படி வந்தது?

கெட்ட பெயரும் அதே ஊரில்தான் ஆரம்பிக்கிறது. கி.மு. 427இல் சிசிலித் தீவின் லியோன்டினி நகரத் தூதராக ஏதென்ஸ் வந்த கோர்கியாஸ், தன் பேச்சால் ஊரையே மயக்கினார். எந்தப் பொருளைக் கொடுத்தாலும் பேசுவார், அதைக் கற்றும் தருவார், கட்டணத்துக்கு. பிளேட்டோ அவர் பெயரிலேயே ஓர் உரையாடல் நூல் எழுதினார். அதில் சாக்ரட்டீஸ் பேச்சுக்கலையைச் சமையலோடு ஒப்பிடுகிறார். மருத்துவர் உடம்புக்கு நல்லதைத் தருவார், சமையல்காரர் நாக்குக்குப் பிடித்ததைத் தருவார். இருவரையும் குழந்தைகள் முன் நிறுத்தி யார் நல்லவர் என்று கேட்டால் மருத்துவர் பட்டினிதான் கிடக்க வேண்டும் என்கிறார். ரெட்டர் என்ற சொல்மீது விழுந்த அந்தக் கறை இன்னும் முழுசாகப் போகவில்லை.

பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில் கொஞ்சம் நிதானமானவர். எந்த விஷயத்திலும் கேட்பவரை இணங்கவைக்கக் கூடியது எது என்று கண்டுபிடிக்கும் திறமை இது, நல்லவரும் பயன்படுத்தலாம் கெட்டவரும் பயன்படுத்தலாம் என்று ஒரு முழு நூலே எழுதினார். பேசுகிறவரின் நம்பகத்தன்மை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம் என்று இன்றைக்கும் வகுப்புகளில் சொல்லித்தரும் மூன்று தூண்களும் அவர் போட்டவை.

ஆங்கிலச் செய்திகளில் பிளேட்டோ கட்சிதான் ஜெயித்திருக்கிறது. ‘ரெட்டரிக்’ என்ற சொல் தலைப்புகளில் எப்படி வருகிறது என்று கவனித்தால் தெரியும். ‘வெறும் ரெட்டரிக்’, ‘சூடான ரெட்டரிக்’, ‘ரெட்டரிக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்’. பாராட்டாக வருவது அபூர்வம். அந்த வாடை ரெட்டருக்கும் ஒட்டிக்கொள்கிறது. ஓர் அமைச்சரை ஆங்கிலப் பத்திரிகையில் ‘எ ஸ்கில்ஃபுல் ரெட்டர்’ என்று எழுதினால், படிப்பவர் பாராட்டு என்றும் எடுத்துக்கொள்ளலாம், உள்குத்து என்றும் எடுத்துக்கொள்ளலாம். வெளிப்படையாகப் பாராட்ட வேண்டுமென்றால் ஆரேட்டர்தான் பாதுகாப்பான சொல்.

ரோமில் அது வாத்தியார் வேலை

ரோமானியர்கள் இந்தச் சொல்லைக் கடன் வாங்கியபோது அர்த்தத்தை மாற்றிவிட்டார்கள். மேடையில் பேசும் தலைவருக்கு அவர்களிடம் ‘ஓராட்டர்’ என்ற சொந்தச் சொல் இருந்தது. ரெட்டர் என்றால் பேசச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். எழுத்து, இலக்கணம், இலக்கியம் முடித்த பையன்கள் கடைசியாகப் போவது ரெட்டரிடம்.

அங்கே என்ன பாடம்? ஒரு சிக்கலான வழக்கைக் கற்பனையாகக் கொடுத்து, ‘இந்தப் பக்கம் பேசு’, ‘இப்போது எதிர்ப்பக்கம் பேசு’ என்பார்கள். நம்மூர் பட்டிமன்றம் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரிந்துவிடும். எந்த அணியில் போட்டாலும் பேச வேண்டும், நடுவர் சிரிக்க வேண்டும்.

ரோம் முதலில் இவர்களை நம்பவில்லை. கி.மு. 161இல் தத்துவ ஆசிரியர்களையும் ரெட்டர்களையும் நகரத்தில் இருக்கவிடக் கூடாது என்று செனட் முடிவு செய்தது. கி.மு. 92இல் லத்தீன் மொழியில் பேச்சுக்கலை நடத்திய பள்ளிகளைத் தணிக்கை அதிகாரிகள் கண்டித்து ஆணை போட்டார்கள். ஆனால் கி.பி. முதல் நூற்றாண்டில் நிலைமை தலைகீழ். பேரரசர் வெஸ்பாசியன், லத்தீன், கிரேக்க ரெட்டர்களுக்கு அரசு கஜானாவிலிருந்து ஆண்டுக்கு 1,00,000 செஸ்டர்ஸ் சம்பளம் கொடுக்க ஏற்பாடு செய்தார். அந்தச் சம்பளம் வாங்கியவர்களில் புகழ்பெற்றவர் குயின்டிலியன். பேச்சாளரை உருவாக்குவது எப்படி என்று 12 புத்தகங்கள் எழுதியவர். நல்ல மனிதனாக இல்லாதவன் நல்ல பேச்சாளனாக முடியாது என்பது அவர் கட்சி. அனுபவம் அவருக்கு வேறு மாதிரி சொல்லியிருக்கும், இருந்தாலும் விடாப்பிடியாக அதையே சொன்னார்.

பிற்காலத்தில் கிறிஸ்தவ சிந்தனையாளராகப் போற்றப்படும் புனித அகஸ்டீனும் ஒரு ரெட்டர்தான். கி.பி. 384இல் மிலன் நகரத்தின் அரசு ரெட்டராக வேலைக்குச் சேர்ந்து, 386இல் அந்த வேலையை விட்டார். தான் செய்தது சொல் வியாபாரம் என்ற மாதிரி பிற்காலத்தில் வருத்தத்தோடு எழுதினார்.

பெயரோடு ஒட்டி வரும் பயன்பாடும் இந்தக் காலத்திலிருந்து வந்ததுதான். தத்துவவாதி செனகாவின் அப்பா பெயரும் செனகா. அவரை ‘செனகா தி ரெட்டர்’ என்பார்கள். நாடகம் எழுதிய மெனாண்டர் ஒருவர், பல நூற்றாண்டு கழித்து வந்த பேச்சுக்கலை ஆசிரியர் மெனாண்டர் இன்னொருவர். இரண்டாமவர் ‘மெனாண்டர் ரெட்டர்’. பட்டம் பெயருக்குப் பின்னால்தான் வருகிறது என்பதைக் கவனிக்கவும். டாக்டர், புரொபசர் மாதிரி முன்னால் போட்டு எழுதுவது ஆங்கிலத்தில் வழக்கமில்லை.

இன்றைய வகுப்பறையில் ரெட்டர் யார்?

இப்போது அந்த முதலாண்டு மாணவரின் பாடப்புத்தகத்துக்குத் திரும்புவோம். அங்கே ரெட்டர் என்றால் பேச்சாளரும் இல்லை, வாத்தியாரும் இல்லை. யாரையோ எதையோ செய்யவைக்க, நம்பவைக்க முயலும் எவரும் ரெட்டர்தான். பேசலாம், எழுதலாம், படம் எடுக்கலாம், விளம்பரம் போடலாம், வாயைக் கட்டிக்கொண்டு மெளன ஊர்வலம்கூடப் போகலாம்.

ஒரே மனிதரை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். 1963 ஆகஸ்ட் 28ஆம் தேதி வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்தின் முன் லட்சக்கணக்கானவர்களிடம் பேசிய மார்ட்டின் லூதர் கிங் ஒரு ஆரேட்டர். குரல், ஏற்ற இறக்கம், கூட்டத்தின் ஆரவாரம் எல்லாம் அங்கே இருந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் அவர் பர்மிங்ஹாம் சிறையில் இருந்தார். போராட்டத்தை நிறுத்தச் சொன்ன 8 மதகுருமார்களுக்குப் பதிலாக அங்கிருந்தே ஒரு கடிதம் எழுதினார். அங்கே மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. அந்தக் கடிதத்தை எழுதியவரை ஆரேட்டர் என்றால் பொருந்தாது. ரைட்டர் என்றால் குறைவாக இருக்கிறது, ஏனென்றால் அது வெறும் எழுத்து இல்லை, குறிப்பிட்ட ஆட்களை நோக்கி, குறிப்பிட்ட நோக்கத்தோடு வைக்கப்பட்ட வாதம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ரெட்டர்.

பழைய ஏதென்ஸிலேயே இப்படி ஒருவர் உண்டு. ஐசோக்ரட்டீஸ். குரல் வளமும் இல்லை, கூட்டத்தில் பேசும் துணிச்சலும் இல்லை என்று தானே ஒப்புக்கொண்டவர். எழுதி எழுதியே கிரேக்க அரசியலில் செல்வாக்குச் செலுத்தினார். ஏதென்ஸ் சட்டத்தின் கணக்கில் அவர் மேடையேறிய ரெட்டர் கிடையாது. இன்றைய பாடப்புத்தகக் கணக்கில் அவர் அசல் ரெட்டர்.

ஒரு சண்டை, இன்னும் முடியவில்லை

இந்தச் சொல்லைச் சுற்றி அமெரிக்கப் பேராசிரியர்களிடையே ஒரு பிரபலமான விவாதம் உண்டு. செய்தி பார்க்கிறவர்கள் யாருக்கும் அது உபயோகப்படும்.

1968இல் லாயிட் பிட்சர் ஒரு கட்டுரை எழுதினார். பேச்சு வானத்திலிருந்து குதிப்பதில்லை, சூழ்நிலைதான் அதைக் கேட்டு வாங்குகிறது என்பது அவர் வாதம். அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதை உதாரணம் காட்டினார். அப்படி ஒன்று நடந்தால் யாராவது பேசியே ஆக வேண்டும், என்ன பேச வேண்டும் என்பதையும் அந்தச் சூழ்நிலையே பெரும்பாலும் முடிவு செய்துவிடும். ரெட்டர் அதற்குப் பதில் சொல்பவர்.

1973இல் ரிச்சர்ட் வாட்ஸ் அதை அப்படியே திருப்பிப் போட்டார். உலகத்தில் ஒரே நேரத்தில் ஆயிரம் விஷயங்கள் நடக்கின்றன. அதில் எது ‘நெருக்கடி’, எது ‘சாதாரணம்’ என்று யார் சொன்னது? ரெட்டர்தான். எதை எடுக்க வேண்டும், எந்தப் பெயரில் அழைக்க வேண்டும் என்று அவர் தேர்ந்தெடுக்கும்போதுதான் சூழ்நிலையே உருவாகிறது என்றார். அதனால் பொறுப்பும் அவருக்குத்தான். ‘நிலைமை அப்படி இருந்தது, அதனால் பேசினேன்’ என்று ஒதுங்க முடியாது.

எதை ‘பிரேக்கிங்’ என்று சிவப்பு எழுத்தில் போடுவது, எதைக் கீழே ஓடும் வரியில் விடுவது என்று நிமிடத்துக்கு நிமிடம் முடிவெடுக்கும் தொலைக்காட்சி செய்தி அறைகளுக்கு வாட்ஸ் சொல்வது கொஞ்சம் சுருக்கென்று தைக்கும். ஒரு விவாத நிகழ்ச்சியில் ரெட்டர் யார்? மேசையைத் தட்டிப் பேசும் விருந்தினரா, அல்லது அன்றைக்கு அந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்தவரா? பிட்சரைக் கேட்டால் முதலாமவரைக் காட்டுவார். வாட்ஸைக் கேட்டால் இரண்டாமவரை விடவே மாட்டார். ‘நீ சொன்னதால்தானே ஓட்டுப் போட்டார்கள்’ என்ற ஏதென்ஸ் சட்டமும் வாட்ஸ் பக்கம்தான் நிற்கும்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

ரெட்டரீஷியன் என்று ஒன்று இருக்கிறது. பேச்சுக்கலையை ஆராய்கிறவர், கற்பிக்கிறவர். அடுக்குமொழியில் அளப்பவர் என்ற கேலிப் பொருளும் உண்டு. டெமகாக் என்றால் மக்களின் பயத்தையும் கோபத்தையும் தூண்டி ஆதாயம் தேடுபவர். அதுவும் கிரேக்கச் சொல்தான், ‘மக்களை நடத்திச் செல்பவர்’ என்ற நேர்ப் பொருளிலிருந்து கெட்டுப்போனது. இன்று அது வசைச்சொல் மட்டுமே, யாரைச் சொன்னாலும் சண்டை வரும்.

ரெட்டரின் பன்மை ரெட்டர்ஸ். ஏதென்ஸ் பற்றிய ஆய்வு நூல்களில் மட்டும் ‘ரெட்டோரெஸ்’ என்ற கிரேக்கப் பன்மை வரும். உரிச்சொல்லாக இதை அப்படியே போட முடியாது, அதற்கு ‘ரெட்டரிக்கல்’ இருக்கிறது. கல்லூரிக் கட்டுரை, ஆய்வேடு, பழங்கால வரலாறு ஆகிய மூன்று இடங்களில் தயங்காமல் பயன்படுத்தலாம். கல்யாண வீட்டு வரவேற்பில் வாழ்த்திப் பேசியவரை ‘வாட் எ ரெட்டர்’ என்று பாராட்டினால், அவர் கூகுள் செய்து பார்த்துவிட்டு என்ன நினைப்பார் என்று சொல்ல முடியாது.

2017 டிசம்பரில் சசி தரூர் ‘ராடமான்டேட்’ என்ற சொல்லை ட்விட்டரில் போட்டு நாடே அகராதி தேடியது நினைவிருக்கலாம். சொல்ல வந்த கருத்துக்குப் பொருத்தமான சொல்லைத்தான் தேர்ந்தெடுக்கிறேன், புரியாத சொல்லை அல்ல என்று விளக்கம் சொல்லும் பதிவிலேயே அதைப் போட்டிருந்தார் என்பதுதான் வேடிக்கை. ரெட்டருக்கும் அதே அளவுகோலை வைக்கலாம். ஆரேட்டர் என்று எழுதினால் பொருள் மாறுகிறதா? மாறினால் ரெட்டர் போடுங்கள். மாறாவிட்டால் வேண்டாம்.

தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது நிஜமான தலைவலி. நாவலர், சொல்லின் செல்வர் போன்றவை நம்மிடம் பட்டங்கள். ஆறுமுக நாவலருக்குத் திருவாவடுதுறை ஆதீனம் கொடுத்தது போல, யாரோ ஒருவர் மதித்துக் கொடுப்பவை. ரெட்டரில் அந்தப் பாராட்டு கிடையாது. சொற்பொழிவாளர் என்றால் மேடையும் குரலும் வந்துவிடுகிறது, சிறையிலிருந்து கடிதம் எழுதியவருக்குப் பொருந்தாது. அணி இலக்கணம் பக்கம் போனால் உவமை, உருவகம் என்று அலங்காரத்தோடு நின்றுவிடும், இணங்கவைக்கும் நோக்கம் காணாமல் போகும்.

இடத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதே நல்லது. ஏதென்ஸ் என்றால் ‘அரசியல் பேச்சாளர்’. தேர்தல் நேரத்தில் கட்சிக்காக ஊர் ஊராகப் போகும் தலைமைக் கழகப் பேச்சாளரை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டப் பொருந்தும். ஒரு வித்தியாசம், நம்மூர்ப் பேச்சாளர் கட்சி சொல்வதைப் பேசுகிறார், ஏதென்ஸ்காரர் தன் சொந்தப் பொறுப்பில் பேசினார். ரோம் என்றால் ‘பேச்சுக்கலை ஆசிரியர்’. அமெரிக்கப் பாடப்புத்தகம் என்றால் ‘கருத்தை முன்வைப்பவர்’ என்று எழுதலாம், அல்லது ரெட்டர் என்றே விட்டுவிட்டு முதல்முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுக்கலாம். அந்த மாணவரின் பரீட்சைக் கேள்விக்கு இரண்டாவது வழிதான் வசதி. ‘ரெட்டரின் நோக்கம் என்ன?’ என்று கேட்டால், கட்டுரையை எழுதியவர் யார், யாரைப் பார்த்து எழுதுகிறார், படித்து முடித்ததும் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார் என்பதை எழுத வேண்டும். கட்டுரை அழகாக இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதினால் மார்க் கிடைக்காது.